ஒரே ஆப், மூன்று கோப்பு: ஏஏபி, எக்ஸ்ஏபிகே, ஐபிஏ. எதை எப்படி நிறுவுவது?

கேள்வி: சிறுகல்

சோதித்துப் பார்க்கச் சொல்லி ஒரு ஆப்பின் மூன்று கோப்புகளை டெவலப்பர் அனுப்பியிருக்கிறார். ஆப்.ஏஏபி 94 எம்பி, ஆப்.எக்ஸ்ஏபிகே 41 எம்பி, ஆப்.ஐபிஏ 63 எம்பி. போன் ஆண்ட்ராய்டு 13, கணினி விண்டோஸ். ஜாவாவும் ஏடிபியும் (கணினியிலிருந்து போனுக்குக் கட்டளை அனுப்பும் கருவி) கணினியில் இருக்கின்றன.

ஏஏபியின் பின்னொட்டை ஏபிகே என்று மாற்றித் தட்டினால், பேக்கேஜைப் படிப்பதில் சிக்கல் என்கிறது போன். எக்ஸ்ஏபிகேயை ஜிப் போல விரித்தால் உள்ளே நான்கு ஏபிகே, ஒரு ஜேசன் கோப்பு, ஒரு படம், ஆண்ட்ராய்டு என்ற பெயரில் ஒரு ஃபோல்டர். நான்கில் பெரியதை மட்டும் தட்டினால் "ஆப் நிறுவப்படவில்லை". ஐபிஏவை இன்னும் தொடவில்லை.

கேட்க வேண்டியவை மூன்று. இவற்றுக்குள் உண்மையில் என்ன வேறுபாடு? ஏஏபியையும் எக்ஸ்ஏபிகேயையும் இந்தப் போனில் ஏற்ற என்ன வழி? ஒரே ஆப் ஒன்றில் 94, இன்னொன்றில் 41 எம்பி என்று இருப்பது ஏன்?

மறுமொழி 1: பொதியவிழ்ப்பான்

மூன்றுமே ஜிப்தான். கோப்பின் பைட்டுகளை எண்களாகக் காட்டும் ஏதாவது ஒரு ஹெக்ஸ் எடிட்டரில் திறந்து பாருங்கள், மூன்றிலும் முதல் நான்கு பைட் 50 4பி 03 04 என்றுதான் இருக்கும். அதில் முதல் இரண்டு பைட்டும் எழுத்தாகப் பார்த்தால் பி, கே. ஜிப் வடிவத்தை உருவாக்கிய ஃபில் கேட்ஸ் என்பவரின் பெயரெழுத்துகள் அவை. ஆக, வெளியுறை ஒன்றே. உள்ளே அடுக்கியிருக்கும் விதமும், அதை யார் படிக்க வேண்டும் என்பதும்தான் வேறு. பின்னொட்டை மாற்றுவதால் உள்ளே ஒரு பைட் கூட மாறாது.

ஏபிகே என்பது போன் நேரடியாகப் படிக்கும் வடிவம். ஒன்றை விரித்தால் இவை தெரியும்:

ஆண்ட்ராய்டுமேனிஃபெஸ்ட்.எக்ஸ்எம்எல்: பேக்கேஜ் பெயர், பதிப்பு எண், கேட்கும் அனுமதிகள், குறைந்தபட்ச ஆண்ட்ராய்டு பதிப்பு எல்லாம் இதில். எக்ஸ்எம்எல் என்று பெயர் இருந்தாலும் நோட்பேடில் திறந்தால் குப்பையாகத் தெரியும். பைனரி எக்ஸ்எம்எல் அது. 03 00 08 00 என்று தொடங்கும்.

கிளாசஸ்.டெக்ஸ்: நிரல். ஒரு டெக்ஸ் கோப்பில் 65,536 மெத்தட் குறிப்புகளுக்கு மேல் கொள்ளாது. பெரிய ஆப்களில் கிளாசஸ்2, கிளாசஸ்3 என்று வரிசையாக நிற்பது அதனால்தான்.

ரிசோர்சஸ்.ஏஆர்எஸ்சி: திரையில் வரும் சொற்கள், நிறங்கள், எந்தத் திரைக்கு எந்தப் படம் என்பதற்கான அட்டவணை. படங்கள் ரெஸ் ஃபோல்டரில் இருக்கும்.

லிப்: சி, சி++ இல் எழுதிய பகுதிகள், .எஸ்ஓ கோப்புகளாக. ஆர்ம்64-வி8ஏ, ஆர்மியாபி-வி7ஏ, எக்ஸ்86, எக்ஸ்86_64 என்று புராசஸர் வகைக்கு ஒரு ஃபோல்டர்.

இவை தவிர அசெட்ஸ், மெட்டா-இன்ஃப் இரண்டும்.

ஏஏபி கதை வேறு. அது போனுக்கானதே அல்ல, ஏபிகே தயாரிக்கும் கருவிக்கான மூலச்சரக்கு. கூகுள் 2018இல் இதை அறிமுகம் செய்தது. 2021 ஆகஸ்ட் முதல் பிளே ஸ்டோரில் ஏற்றும் புதிய ஆப்கள் எல்லாம் ஏஏபியாகத்தான் போக வேண்டும். விரித்துப் பார்த்தால் மேல் மட்டத்தில் மேனிஃபெஸ்ட் இருக்காது. பேஸ் என்ற ஃபோல்டருக்குள் மேனிஃபெஸ்ட், டெக்ஸ், ரெஸ், லிப், அசெட்ஸ் என்று தனித்தனி ஃபோல்டர்களாகப் பிரிந்திருக்கும். ரிசோர்சஸ்.ஏஆர்எஸ்சி கிடையாது, அதற்குப் பதில் ரிசோர்சஸ்.பிபி. மேனிஃபெஸ்ட்டின் பெயர் மட்டும் அதேதான், எழுதியிருப்பது புரோட்டோபஃப் என்ற கூகுளின் தரவு வடிவில். பெயர் மாற்றிய கோப்பைப் போன் திறக்கிறது, ஜிப் என்று ஒத்துக்கொள்கிறது, மேல் மட்டத்தில் மேனிஃபெஸ்ட்டைத் தேடுகிறது, காணவில்லை, கைவிடுகிறது. நீங்கள் பார்த்த பிழை அதுதான். அந்தக் கோப்பை நீங்கள் கையால் மேல் மட்டத்துக்கு நகர்த்தினாலும் பயனில்லை, போனுக்குப் புரோட்டோபஃப் மேனிஃபெஸ்ட் படிக்கத் தெரியாது.

அளவு வேறுபாட்டுக்கும் விடை இங்கேதான். ஏஏபியில் எல்லா புராசஸருக்கும், எல்லாத் திரைக்கும், எல்லா மொழிக்கும் உரியவை மொத்தமாக இருக்கும். உங்கள் எக்ஸ்ஏபிகேயில் ஒரு வகைப் போனுக்குத் தேவையானவை மட்டும் இருக்கின்றன போலும்.

ஏஏபியிலிருந்து ஏபிகே எடுக்கப் பண்டில்டூல் வேண்டும். கூகுளே தரும் ஒற்றை ஜார் கோப்பு அது. (கீழே கட்டளைகளைத் தமிழெழுத்தில் எழுதுகிறேன், டெர்மினலில் ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.)

ஜாவா -ஜார் பண்டில்டூல்.ஜார் பில்ட்-ஏபிகேஸ் --பண்டில்=ஆப்.ஏஏபி --அவுட்புட்=ஆப்.ஏபிகேஎஸ் --மோட்=யுனிவர்சல்

வெளிவரும் ஆப்.ஏபிகேஎஸ் கோப்பும் ஒரு ஜிப்தான். பின்னொட்டை ஜிப் ஆக்கி விரித்தால் யுனிவர்சல்.ஏபிகே கிடைக்கும், அதை எந்த ஆண்ட்ராய்டு போனிலும் தட்டி நிறுவலாம், ஆப் கேட்கும் குறைந்தபட்ச ஆண்ட்ராய்டு பதிப்பு இருந்தால் போதும்.

போன் கணினியோடு இணைந்திருந்தால் யுனிவர்சலைவிட நல்ல வழி உண்டு. மேலே உள்ள கட்டளையில் மோட் பகுதியை எடுத்துவிட்டு --கனெக்டெட்-டிவைஸ் என்று போடுங்கள். அந்தப் போனுக்கு வேண்டியதை மட்டும் கட்டித் தரும். பிறகு பண்டில்டூல் இன்ஸ்டால்-ஏபிகேஸ் --ஏபிகேஸ்=ஆப்.ஏபிகேஎஸ். பிளே ஸ்டோரிலிருந்து இறங்குவது எப்படி இருக்குமோ ஏறக்குறைய அப்படியே சோதிக்க இதுதான் சரி. யுனிவர்சலில் சோதித்துவிட்டு எல்லாம் ஓடுகிறது என்று சொன்னால், பிரித்துக் கொடுக்கும்போது மட்டும் வரும் பிழைகள் கண்ணில் படாது.

மறுமொழி 2: கட்டளைவரி

எக்ஸ்ஏபிகே பத்தி நான் சொல்றேன். ஒரே ஆப்போட பல ஏபிகேயையும் கூடுதல் கோப்புகளையும் ஒண்ணாக் கட்டின ஜிப் அது.

ஆண்ட்ராய்டு 5.0இலிருந்தே ஒரு ஆப்பைப் பல ஏபிகேயாப் பிரிச்சு நிறுவலாம். ஒண்ணு பேஸ், மத்ததெல்லாம் ஸ்ப்ளிட். உங்க நாலு கோப்பும் அநேகமா இப்படி இருக்கும்: பேக்கேஜ் பேர்லயே ஒண்ணு, அதுதான் பேஸ். கான்ஃபிக்.ஆர்ம்64_வி8ஏ, அதுல .எஸ்ஓ கோப்புகள். கான்ஃபிக்.எக்ஸ்எக்ஸ்ஹெச்டிபிஐ, அதுல அந்தத் திரை அடர்த்திக்கான படங்கள். கான்ஃபிக்.ஈஎன், ஆங்கிலச் சொற்கள்.

பேஸை மட்டும் போட்டா ஏன் ஏறலைன்னா, மத்தது இல்லாம நிறுவாதேன்னு பேஸோட மேனிஃபெஸ்ட்லயே குறிச்சிருக்கும். ஏடிபியில போட்டா காரணம் வெளிப்படையா வரும்: இன்ஸ்டால்_ஃபெயில்ட்_மிஸ்ஸிங்_ஸ்ப்ளிட். போன்ல தட்டினா வெறும் "நிறுவப்படவில்லை". அதனால எந்தக் கோப்பா இருந்தாலும் மொதல்ல ஏடிபியில போட்டுப் பாருங்க, காரணத்தைத் தேடி அலைய வேண்டியிருக்காது. அந்தக் குறிப்பு இல்லாத பழைய ஆப்கள்ல பேஸ் மட்டும் ஏறிடும், திறந்ததும் விழும். லாக்ல அன்சேட்டிஸ்ஃபைட்லிங்க்எரர் வந்தா .எஸ்ஓ ஸ்ப்ளிட் விட்டுப்போச்சு, ரிசோர்சஸ் நாட்ஃபவுண்ட் வந்தா படம் இல்லேன்னா மொழி ஸ்ப்ளிட் விட்டுப்போச்சு.

செய்ய வேண்டியது:

1. ஏடிபி ஷெல் கெட்பிராப் ஆர்ஓ.புராடக்ட்.சிபியு.ஏபிஐ. ஆர்ம்64-வி8ஏன்னு வந்தா உங்க ஸ்ப்ளிட் பொருந்தும். ஆர்மியாபி-வி7ஏன்னு வந்தா அது 32 பிட் போன், இந்த எக்ஸ்ஏபிகே ஆகாது, இன்ஸ்டால்_ஃபெயில்ட்_நோ_மேட்சிங்_ஏபிஐஸ்னு நிக்கும்.

2. விரிச்ச ஃபோல்டர்ல நின்னுக்கிட்டு ஏடிபி இன்ஸ்டால்-மல்டிபிள், அதுக்குப் பின்னாடி நாலு கோப்புப் பேரையும் இடைவெளி விட்டு ஒரே வரியில. ஒண்ணொண்ணா இன்ஸ்டால் பண்ணக் கூடாது. நாலும் ஒரே செஷன்ல போகணும். போனோட சொந்த நிறுவியால ஒரு கோப்பைத்தான் எடுத்துக்க முடியும், அதனாலதான் எக்ஸ்ஏபிகேக்குத் தனி நிறுவி ஆப்கள் வெளியில கிடைக்குது. அதுங்க செய்யறதும் இதையேதான்.

3. ஆண்ட்ராய்டு ஃபோல்டருக்குள்ள ஓபிபின்னு ஒண்ணு இருக்கும். உள்ள மெயின்.எண்.பேக்கேஜ்பெயர்.ஓபிபி மாதிரி ஒரு கோப்பு. பெரிய படம், ஒலி எல்லாம் அதுல. அதைப் போனோட எஸ்டிகார்டு/ஆண்ட்ராய்டு/ஓபிபி/பேக்கேஜ்பெயர் ஃபோல்டருக்கு ஏடிபி புஷ் பண்ணுங்க. ஆண்ட்ராய்டு 11க்கு அப்புறம் சாதாரண ஃபைல் மேனேஜர் ஆப்பால அந்த இடத்துல எழுத முடியாது. நடுவுல இருக்கற எண் ஆப்போட இப்போதைய பதிப்பு எண்ணோட ஒத்துப்போகலையேன்னு பேரை மாத்திடாதீங்க. அந்த ஓபிபியை முதல்ல ஏத்தினப்ப இருந்த பதிப்பு எண் அது, ஆப் அதே பேரைத்தான் தேடும்.

சில போன்ல டெவலப்பர் ஆப்ஷன்ஸ்ல யூஎஸ்பி வழியா நிறுவறதுக்குன்னு தனி சுவிட்ச் இருக்கும். அதைப் போடலைன்னா யூசர்_ரெஸ்ட்ரிக்டட்னு வரும்.

பேரு பத்தி ஒரு வார்த்தை. எக்ஸ்ஏபிகே, ஏபிகேஎம் ரெண்டும் ஆண்ட்ராய்டோட அதிகாரபூர்வ வடிவம் இல்ல. ஒண்ணு ஏபிகேபியூர் தளம் பரப்பினது, இன்னொண்ணு ஏபிகேமிரர் தளத்தோடது. ஏபிகேஎஸ்னு ரெண்டு வேற வேற சமாச்சாரம் சுத்துது: பண்டில்டூல் கட்டறதுல டிஓசி.பிபின்னு ஒரு கோப்பு இருக்கும், நிறுவி ஆப்கள் கட்டறதுல அது இருக்காது. டிஓசி.பிபி இல்லாததைப் பண்டில்டூல்ல குடுத்தா ஏத்துக்காது, விரிச்சு இன்ஸ்டால்-மல்டிபிள் பண்ணுங்க.

சிறுகல்

நன்றி, எக்ஸ்ஏபிகே ஏறிவிட்டது, ஓடுகிறது. பிறகு ஏஏபியை யுனிவர்சலாகக் கட்டினேன், அதன் பதிப்பு எண் ஒன்று கூடுதல். ஏற்கெனவே இருப்பதன் மேல் போட்டால் இன்ஸ்டால்_ஃபெயில்ட்_அப்டேட்_இன்கம்பேட்டிபிள் என்கிறது. ஒரே டெவலப்பர், ஒரே ஆப்தானே? பழையதை அழித்தால் உள்ளே உள்ள சோதனைத் தரவு போய்விடுமோ என்று நிறுத்தி வைத்திருக்கிறேன்.

மறுமொழி 3: பொதியவிழ்ப்பான்

நிறுத்தியது நல்லது. ஏடிபி அன்இன்ஸ்டால் செய்தால் தரவும் சேர்ந்து போகும்.

ஆண்ட்ராய்டுக்கு "ஒரே ஆப்" என்றால் இரண்டு பொருந்த வேண்டும்: பேக்கேஜ் பெயர், கையொப்பச் சாவி. உங்களிடம் பெயர் பொருந்துகிறது, சாவி பொருந்தவில்லை. நீங்கள் பண்டில்டூலுக்கு --கேஎஸ் என்று சாவி எதுவும் கொடுக்கவில்லை அல்லவா? அப்படி விட்டால் அது உங்கள் கணினியில் .ஆண்ட்ராய்டு ஃபோல்டரில் உள்ள டீபக்.கீஸ்டோர் சாவியை எடுத்துக் கையொப்பமிடும். அதுவும் இல்லையென்றால் கையொப்பமே இல்லாத ஏபிகே வரும், அது எந்தப் போனிலும் ஏறாது.

எக்ஸ்ஏபிகேயின் பேஸ், யுனிவர்சல் இரண்டிலும் இதை ஓட்டி ஒப்பிடுங்கள் (ஏபிகேசைனர் என்பது கையொப்பமிடவும் சரிபார்க்கவும் உதவும் கருவி):

ஏபிகேசைனர் வெரிஃபை --வெர்போஸ் --பிரிண்ட்-செர்ட்ஸ் யுனிவர்சல்.ஏபிகே

எஸ்ஹெச்ஏ-256 என்று ஒரு நீண்ட வரி வரும், சாவிச் சான்றிதழின் ரேகை அது. எக்ஸ்ஏபிகேக்குள் இருக்கும் பேஸில் ஒன்றும் இதில் வேறொன்றுமாக இருக்கும். எக்ஸ்ஏபிகேயின் வெளியுறைக்கு ஆண்ட்ராய்டு சரிபார்க்கும் கையொப்பம் எதுவும் கிடையாது. உள்ளே உள்ள ஒவ்வொரு ஏபிகேக்கும்தான் உண்டு. ஆகவே எங்கிருந்தோ இறங்கிய எக்ஸ்ஏபிகேயை நம்பலாமா என்று பார்ப்பதானால் உள்ளிருக்கும் ஏபிகே ஒவ்வொன்றையும் சோதிக்க வேண்டும்.

டெவலப்பர் தன் சாவியைக் கொடுத்தால் சரியாகிவிடுமா என்றால், பெரும்பாலும் ஆகாது. சாவியைக் கேட்பதும் முறையல்ல. பிளே ஸ்டோரில் இரண்டு சாவிகள்: டெவலப்பர் கையில் இருப்பது அப்லோட் சாவி, போனுக்கு வரும் ஏபிகேயில் கையொப்பமிடும் சாவி கூகுளின் சர்வரில். பிளே வழியாக வந்த ஆப்பின் மேல், டெவலப்பர் தன் கணினியில் கட்டியது ஏறாமல் போவதற்கு இதுதான் வழக்கமான காரணம்.

தரவை இழக்காமல் சோதிக்க, டெவலப்பரிடம் இரண்டில் ஒன்றைக் கேளுங்கள். டெவலப்பர்கள் ஆப் ஏற்றும் தளமான பிளே கன்சோலின் ஆப் பண்டில் எக்ஸ்புளோரரில் கையொப்பமிட்ட யுனிவர்சல் ஏபிகேயை இறக்கித் தரலாம். அல்லது இன்டர்னல் டெஸ்டிங் டிராக்கில் உங்களைச் சேர்க்கலாம். கிட்டத்தட்ட அதே பெயரில் இன்டர்னல் ஆப் ஷேரிங் என்று இன்னொன்று உண்டு, அதன் இணைப்பை அனுப்பினால் இதே பிழைதான் வரும். அதற்கென்று கூகுள் தனியாக ஒரு சாவி வைத்திருக்கிறது. பெயர்க் குழப்பத்தில் இங்கே பலர் மாட்டுகிறார்கள்.

மறுமொழி 4: வழிப்போக்கன்

நாலு ஏபிகேயையும் விரித்து, எல்லாவற்றையும் பேஸுக்குள் கொட்டித் திரும்ப ஜிப் செய்தால் ஒரே ஏபிகே ஆகிவிடாதா? இவ்வளவு சுற்றுவழி எதற்கு?

மறுமொழி 5: பொதியவிழ்ப்பான்

ஆகாது. நான்கு இடத்தில் முட்டும்.

முதலாவது ரிசோர்ஸ் அட்டவணை. நான்கு ஏபிகேயிலும் ரிசோர்சஸ்.ஏஆர்எஸ்சி இருக்கலாம், ஒரே பெயர். ஒன்றின் மேல் ஒன்றாகக் கொட்டினால் கடைசியில் கொட்டியது மட்டும் மிஞ்சும். அட்டவணைகளை உள்ளே புகுந்து இணைக்க வேண்டும். கோப்பாகச் சேர்த்தால் போதாது.

இரண்டாவது மேனிஃபெஸ்ட். ஸ்ப்ளிட் கட்டாயம் என்ற குறிப்பை நீக்காவிட்டால் எல்லாம் உள்ளே இருந்தும் போன் மறுக்கும்.

மூன்றாவது ஜிப் அடுக்கு. சாதாரண ஜிப் கருவி எல்லாவற்றையும் சுருக்கிவிடும். ஆப் ஆண்ட்ராய்டு 11ஐயோ அதற்கு மேற்பட்டதையோ இலக்காகக் கொண்டதென்றால், ரிசோர்சஸ்.ஏஆர்எஸ்சி சுருக்கப்படாமல், 4 பைட் எல்லையில் தொடங்க வேண்டும். இல்லையென்றால் -124 என்ற எண்ணோடு மறுப்பு வரும். காரணம் எளிது: அந்த அட்டவணையைப் போன் விரித்து நகலெடுக்காமல், கோப்பில் இருக்கும் இடத்திலிருந்தே நினைவகத்தில் பொருத்திப் படிக்கிறது. இப்படி எல்லை பார்த்து அடுக்கத்தான் ஜிப்அலைன் என்ற கருவி. .எஸ்ஓ கோப்புகளுக்கும் இதே தேவை. பல ஆப்களில் அவை சுருக்காமல் வைக்கப்பட்டு, மெமரி பேஜ் எல்லையில் தொடங்குகின்றன. 4 கேபியாக இருந்த அந்த எல்லைக்கு ஆண்ட்ராய்டு 15இலிருந்து 16 கேபியும் வந்திருக்கிறது, அதற்கு ஜிப்அலைனில் -பி 16 போட வேண்டும், பெரிய எழுத்து பி (பேஜின் பி). சின்ன எழுத்து பி போட்டால் பழைய 4 கேபிதான்.

நான்காவது கையொப்பம். தொட்டாலே உடையும். முதல் வடிவக் கையொப்பம், அதாவது வி1, உள்ளே உள்ள ஒவ்வொரு கோப்புக்கும் தனித்தனியாகக் கணக்கு வைக்கும்; மெட்டா-இன்ஃப் ஃபோல்டரில் கிடக்கும் .எம்எஃப், .எஸ்எஃப், .ஆர்எஸ்ஏ மூன்றும் அதற்குரியவை. கோப்புகளுக்கு இடையே, முன்னே, பின்னே இருக்கும் பைட்டுகளை அது கவனிப்பதில்லை. அந்த ஓட்டையில்தான் 2017இல் ஜேனஸ் என்று பெயர் சூட்டப்பட்ட பிழை வெளிவந்தது: நல்ல ஏபிகேயின் தலையில் வேறொரு டெக்ஸை ஒட்டினாலும் வி1 கையொப்பம் சரியென்று சொல்லும். ஆண்ட்ராய்டு 7இல் வந்த வி2 மொத்தக் கோப்பையும் கணக்கில் எடுக்கிறது. ஜிப்பின் கடைசியில் இருக்கும் பொருளடக்கத்துக்குச் சற்று முன்னால் தனித் தொகுதியாக உட்கார்ந்திருக்கும். ஹெக்ஸ் எடிட்டரில் "ஏபிகே சிக் பிளாக் 42" என்று ஆங்கிலத்தில் அப்படியே படிக்கலாம். ஆண்ட்ராய்டு 9இன் வி3 சாவி மாற்ற வழி தந்தது. ஆண்ட்ராய்டு 11இன் வி4 .ஐடிசிக் என்று தனிக் கோப்பாக நிற்கும், முழுவதும் இறங்கும் முன்பே ஆப்பை ஓடவைக்க அது உதவும்.

ஆகவே வரிசை முக்கியம்: இணைப்பது, ஜிப்அலைன், கடைசியில் ஏபிகேசைனர். கையொப்பமிட்ட பிறகு ஜிப்அலைன் செய்தால் வி2 உடையும். பழைய ஜார்சைனர் காலத்துக் குறிப்புகளில் இது தலைகீழாக இருக்கும், அதை இங்கே பின்பற்ற வேண்டாம்.

இணைக்கும் கருவிகள் இருக்கின்றன, இத்தனையையும் செய்து கொடுக்கும். ஆனாலும் முடிவில் உங்கள் சாவியில் கையொப்பமிட்ட வேறொரு ஆப் அது. அதிகாரபூர்வ அப்டேட் அதன் மேல் ஏறாது. கூகுள் கணக்கு வழி லாகின், வரைபடம் போன்றவை சாவியின் எஸ்ஹெச்ஏ-1 ரேகையோடு கட்டப்பட்டிருந்தால் அவை மட்டும் வேலை செய்யாது. அப்போது சோதிப்பவர் "லாகின் பழுது" என்று எழுதி அனுப்ப, டெவலப்பர் இல்லாத பிழையைத் தேடிக்கொண்டிருப்பார்.

மறுமொழி 6: கடிக்கப்பட்டபழம்

ஐபிஏவை, அதாவது ஐபோனுக்கான ஆப் கோப்பை, யாரும் தொடவில்லை போல.

சிறுகல், அதை ஆண்ட்ராய்டில் எந்த மாற்றி கொண்டும் ஓட்ட முடியாது. மாற்றித் தருகிறோம் என்று சொல்லும் தளங்களை நம்ப வேண்டாம். உள்ளே இருப்பது ஐபோனின் ஐஓஎஸ் அழைப்புகளுக்காகவே, ஆப்பிளின் மேக்-ஓ வடிவில் கட்டிய நிரல்.

விரித்தால் பேலோட் என்ற ஃபோல்டர், அதற்குள் பெயர்.ஆப். அது பார்க்கக் கோப்பு போல இருந்தாலும் ஃபோல்டர்தான். உள்ளே இன்ஃபோ.பிலிஸ்ட், நிரல், அசெட்ஸ்.கார், ஃபிரேம்வொர்க்ஸ், _கோட்சிக்னேச்சர். உங்களுக்கு முக்கியம் எம்பெடட்.மொபைல்புரோவிஷன் என்ற கோப்பு. அது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

இருந்தால், மேக் கணினியில் செக்யூரிட்டி சிஎம்எஸ் -டி -ஐ எம்பெடட்.மொபைல்புரோவிஷன் என்று ஓட்டுங்கள், டி (டிகோடின் டி) மட்டும் பெரிய எழுத்து. புரோவிஷன்ட்டிவைசஸ் என்ற பட்டியலில் உங்கள் ஐபோனின் யூடிஐடி (கருவிக்குரிய தனி அடையாள எண்) இருந்தால்தான் ஏறும். இப்படி ஆட்-ஹாக் முறையில் கொடுக்க ஒரு டெவலப்பர் கணக்குக்கு ஆண்டுக்கு ஒவ்வொரு வகைக் கருவியிலும் 100தான் அனுமதி. பட்டியலில் இல்லையென்றால் டெவலப்பர் உங்கள் யூடிஐடியைச் சேர்த்து மறுபடி கையொப்பமிட்டு அனுப்ப வேண்டும்.

அந்தக் கோப்பு இல்லாமல் எஸ்சி_இன்ஃபோ என்ற ஃபோல்டர் இருந்தால், அது ஆப் ஸ்டோரிலிருந்து வாங்கியவரின் கணக்குக்குப் பூட்டிய நகல். மேக்கில் ஓடூல் -எல் (சின்ன எழுத்து) வெளியீட்டில் கிரிப்ட்ஐடி 1, அதாவது நிரல் மறையாக்கப்பட்டது, என்று இருக்கும். இன்னொருவருக்கு உதவாது.

பணம் கட்டாத ஆப்பிள் கணக்கில் நீங்களே கையொப்பமிட்டு ஏற்றலாம்தான், ஆனால் 7 நாளில் காலாவதி, ஒரு போனில் ஒரே நேரத்தில் 3 ஆப் வரைதான். சோதனைக்கென்றால் ஆப்பிளின் சோதனைப் பகிர்வுச் சேவையான டெஸ்ட்ஃப்ளைட்டின் அழைப்பைக் கேட்டுவிடுவது மேல். ஒரு பில்ட் 90 நாள் நிற்கும், யூடிஐடி கேட்காது.

ஐபிஏவை விண்டோஸில் விரித்துத் திரும்பக் கட்டினால் அடிக்கடி கெடும். பேலோட் ஃபோல்டர் ஜிப்பின் மேல் மட்டத்தில் இல்லாமல் இன்னொரு ஃபோல்டருக்குள் போய்விடும், நிரல் கோப்பின் இயக்க அனுமதியும் சிம்லிங்க்குகளும் (வேறு கோப்பைச் சுட்டும் இணைப்புகள்) தொலையும். பார்ப்பதற்கு விரிக்கலாம், திரும்பக் கட்டுவதை மேக்கிலோ லினக்ஸிலோ செய்யுங்கள். கணினியில் ஐபோன் போல ஓடும் சிமுலேட்டருக்குக் கட்டிய .ஆப்பைப் பேலோடில் போட்டு ஐபிஏ என்று அனுப்புவோரும் உண்டு. நிரலின் புராசஸர் வகையைக் காட்டும் லிப்போ கருவியில் பார்த்தால் ஆர்ம்64 என்றே காட்டும், ஏனென்றால் புதிய மேக்குகளும் ஆர்ம்64தான். ஆனாலும் போனில் ஏறாது, நிரலில் குறித்திருக்கும் பிளாட்ஃபார்ம் வேறு.

மறுமொழி 7: கட்டளைவரி

மேல சொல்லாம விட்ட ஏபிகே பிழைகள் சிலது, தேடி வர்றவங்களுக்காக:

வெர்ஷன்_டவுன்கிரேட்: போன்ல இருக்கறதோட வெர்ஷன்கோட் (உள்ளுக்குள்ள இருக்கற பதிப்பு எண்) அதிகம். திரையில தெரியற 2.1, 2.2 எல்லாம் வெர்ஷன்நேம், ஆண்ட்ராய்டு அதை ஒப்பிடவே ஒப்பிடாது. ஏஏபிடி2 டம்ப் பேட்ஜிங் ஆப்.ஏபிகேன்னு போட்டா ரெண்டும் வரும். அதுலயே பேக்கேஜ் பேரு, எஸ்டிகே எண்கள், நேட்டிவ்-கோட் வரியில புராசஸர் வகையும் கிடைக்கும். ஏபிகே எதுக்கானதுன்னு தெரிஞ்சுக்க இந்த ஒரு கட்டளை போதும்.

டெஸ்ட்_ஒன்லி: ஆண்ட்ராய்டு ஸ்டுடியோல ரன் பொத்தானை அழுத்தி வந்த ஏபிகேயை அப்படியே எடுத்து அனுப்பியிருக்காங்க. ஏடிபி இன்ஸ்டால் -டி (டெஸ்ட்டோட சின்ன டி) போட்டா ஏறும். பில்ட் மெனு வழியா ஏபிகே கட்டி அனுப்பச் சொல்றதுதான் சரி.

டெப்ரிகேட்டட்_எஸ்டிகே_வெர்ஷன்: ஆண்ட்ராய்டு 14ல இருந்து, 23க்குக் கீழ டார்கெட்எஸ்டிகே (ஆப் இலக்கா வெச்ச ஆண்ட்ராய்டு பதிப்போட எண்) வெச்ச பழைய ஆப்களைப் போன் மறுக்குது. 15ல அந்த எண் 24. ஏடிபியில --பைபாஸ்-லோ-டார்கெட்-எஸ்டிகே-பிளாக் போட்டு ஏத்தலாம்.

பேக்கேஜைப் படிப்பதில் சிக்கல்: ஏஏபி பேர் மாத்தினது தவிர ரெண்டு காரணம் அதிகம் வரும். ஆப் கேட்கறதைவிடப் போன் பழசு. இல்லேன்னா பாதி இறங்கின கோப்பு. ஜிப்போட பொருளடக்கம் கோப்பின் கடைசியில இருக்கு, அதனால 95 சதவீதம் இறங்கி நின்னாலும் ஒண்ணுமே இறங்காத மாதிரிதான். தலையில பி, கே சரியா இருக்கும், பார்த்து ஏமாறாதீங்க. கடைசி சில பைட்டைப் பாருங்க: 50 4பி 05 06 இல்லேன்னா அறுந்த கோப்பு, திரும்ப இறக்குங்க.

சிறுகல்

டெவலப்பர் ஆப் பண்டில் எக்ஸ்புளோரரிலிருந்து எடுத்து அனுப்பினார், பழையதன் மேல் ஏறியது, தரவு அப்படியே இருக்கிறது. ஐபிஏவில் எம்பெடட்.மொபைல்புரோவிஷன் இருக்கிறது, யூடிஐடி அனுப்பியாயிற்று.

ஒன்று மட்டும் புரியவில்லை. எக்ஸ்ஏபிகே ஏற்றியிருந்தபோது போனின் மொழியைத் தமிழாக்கினாலும் ஆப் ஆங்கிலத்திலேயே நின்றது. யுனிவர்சலில் தமிழ் வருகிறது. இதைப் பிழை என்று எழுதலாமா?

மறுமொழி 8: பொதியவிழ்ப்பான்

எழுத வேண்டாம், எக்ஸ்ஏபிகேயில் தமிழுக்கான கான்ஃபிக்.டிஏ ஸ்ப்ளிட் இல்லை, அவ்வளவுதான். பிளே வழியாக நிறுவிய ஆப்பில் போனின் மொழியை மாற்றினால் பிளே அந்த மொழி ஸ்ப்ளிட்டைப் பின்னணியில் இறக்கிச் சேர்க்கும். கையால் ஏற்றியதற்கு அதைச் செய்ய ஆளில்லை.

ஆனால் இன்னொன்றைச் சோதியுங்கள். ஆப்பின் செட்டிங்ஸுக்குள்ளேயே மொழி மாற்றும் வசதி இருக்கிறதா? இருந்தால், போன் ஆங்கிலத்தில் இருக்கும்போது ஆப்பை மட்டும் தமிழாக்கிப் பாருங்கள், யுனிவர்சலில் அல்ல, இன்டர்னல் டெஸ்டிங் வழியாக இறக்கிய நகலில். அங்கேயும் ஆங்கிலத்திலேயே நின்றால் அது உண்மையான பிழை. டெவலப்பர், ஆப்பைக் கட்டும் கருவியான கிரேடிலின் கோப்பில் உள்ள பண்டில் பகுதியில் லேங்குவேஜுக்கு எனேபிள்ஸ்ப்ளிட் ஃபால்ஸ் என்று வைக்க வேண்டும், அல்லது மொழி மாற்றும்போது பிளேயிடம் அந்த ஸ்ப்ளிட்டைக் கேட்டு வாங்கும் நிரலைச் சேர்க்க வேண்டும்.